வழிப்போக்கர்களுக்கு ஒரு தாமான்

தம்போய், ஜொகூர் பாரு
9 மார்ச் 2025, ஞாயிறு

அன்புத் தங்கை கஸ்தூரிக்கு,

அக்கா புஷ்பவள்ளி எழுதுகிறேன். சுங்கைப் பட்டாணியில் நீயும் உன் வீட்டுக்காரர் ஹேமநாதனும் பையன்கள் இருவரும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை நிற்கட்டும். இங்கே எங்கள் மூவருக்கும் உடம்புக்கு ஒன்றும் குறையில்லை.

என் கையெழுத்தைப் பார்த்ததும் உனக்குத் திக்கென்றிருக்கும். உன் கைப்பேசியை வீட்டில் எல்லோரும் எடுத்துப் பார்ப்பார்கள் என்று ஆறு வருடத்துக்கு முன் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. அதனால்தான் நீ வேலை செய்யும் பாலர் பள்ளி முகவரிக்கு எழுதுகிறேன். அனுப்புநர் இடத்தில் ஒரு புத்தகக் கடையின் பெயரைப் போட்டிருக்கிறேன். பொய் சொல்வதில் எனக்கு அனுபவம் உண்டு, உனக்கே தெரியும்.

நான் இன்னும் அதே தெப்ராவ் தொழிற்சாலையில்தான் இருக்கிறேன். லைன் லீடர் ஆகிப் பதினோரு வருடம் ஆகிவிட்டது. கூடப் பிறக்காமலே அக்கா தங்கையாகி நீயும் நானும் ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்த இடத்தில் இப்போது ஓர் இயந்திரக் கை நிற்கிறது. அது கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்பதில்லை என்பதால் மேலாளருக்கு அதன்மேல் தனிப் பிரியம். என் வீட்டுக்காரர் மகேஸ்வரன் டயர் கடையில்தான் இருக்கிறார். முதுகு வலிக்கிறது என்பார், ஓய்வெடுங்கள் என்றால் கோபப்படுவார். இந்த வருடம் முதல் ஜொகூரில் வெள்ளி சனி விடுமுறை போய் சனி ஞாயிறு ஆகிவிட்டதில் பாதிப் பேருக்குக் கிழமையே குழம்பிக் கிடக்கிறது.

லோஷினியைப் பற்றி எழுதத்தான் பேனாவை எடுத்தேன். சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன், பார்.

நவம்பர் வந்தால் அவளுக்கு இருபத்தொன்று. உன் மூக்கு, உன் அவசரம். பிடிவாதம் மட்டும் என்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று அவர் சொல்கிறார். நீ பெற்று என் கையில் கொடுத்த பிள்ளை இப்போது என்னைவிட ஒரு சாண் உயரம். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். எனக்குத் தன் பிள்ளை என்று வேறு வரவில்லை, வேண்டியும் இருக்கவில்லை.

ஐந்தாம் படிவம் வரை எப்படியோ படிக்க வைத்துவிட்டோம். அதற்கு மேல் அடையாள அட்டை கேட்காத கதவு ஒன்றுகூட இல்லை. கல்லூரி, வங்கி, வாகன உரிமம், தொழிற்சாலை, எங்கே போனாலும் முதல் கேள்வி அதுதான். அவளிடம் இருப்பது ‘குடிமகள் அல்ல’ என்று அச்சடித்த பிறப்புப் பத்திரம். பெற்ற தாய் என்ற இடத்தில் ‘தகவல் இல்லை’. கூடவே நாங்கள் வாங்கிய தத்துப் பத்திரம். அது எங்களை அம்மா அப்பா ஆக்கியது, அவளை இந்த நாட்டுக்காரி ஆக்கவில்லை. பன்னிரண்டு வயதில் வகுப்பே பேருந்து ஏறி அட்டை எடுக்கப் போனபோது இவளை மட்டும் பள்ளியில் விட்டுப் போனார்கள். அன்று வீட்டுக்கு வந்து ஏன் என்று கேட்டாள். நீ நான் பெற்ற பிள்ளை இல்லை, கோயில் வாசலில் கிடைத்த பிள்ளை என்று சொன்னேன். உனக்குக் கொடுத்த வாக்கு அப்படி. இன்றுவரை அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒரு தையல் கடையில் உதவிக்குப் போய்க்கொண்டிருந்தாள். சோதனைக்கு வருகிறார்கள் என்று பேச்சு வந்ததும் கடைக்காரம்மா பயந்து நிறுத்திவிட்டார். இப்போது பகலெல்லாம் கணினி முன்னால்தான். தொழிற்சாலையில் கழித்துக்கட்டிய பழைய கணினி ஒன்றை என் வீட்டுக்காரர் வாங்கிவந்து கொடுத்தார். அதில் ஒரு வாழ்க்கை விளையாட்டு. சண்டை கிடையாது, பந்தயம் கிடையாது. பொம்மை மனிதர்களை உண்டாக்கி, வீடு கட்டிக் கொடுத்து, சமைக்க வைத்து, வேலைக்கு அனுப்பி, கல்யாணமும் செய்து வைக்கலாம். முதலில் நான் திட்டாத திட்டில்லை. இருபது வயதுப் பெண் சொப்பு வைத்து விளையாடுகிறாளே என்று எரிச்சல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த விளையாட்டில் ஆட்கள் வேலைக்கு என்று கிளம்பி மறைந்துபோவார்கள், மாலையில் சம்பளத்தோடு திரும்புவார்கள். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. நம் பெண் கேட்டிருக்கிறாள். கேட்டு, அந்த வழியையே அடைத்துவிட்டாள். அவள் கட்டும் குடியிருப்புத் தாமானில் ரொட்டி விற்றால்தான் ரொட்டிக்கடைப் பெண்ணுக்குச் சம்பளம். அந்தப் பெண் சம்பளம் வாங்கினால்தான் தையல்காரிக்கு வேலை. மாவு வேண்டுமென்றால் ஊருக்குள்ளேயே யாராவது அரைக்க வேண்டும். வெளியிலிருந்து ஒரு காசு உள்ளே வராது.

முதல் தாமான் பதினொரு நாளில் படுத்துவிட்டதாம். எல்லோரையும் கடை முதலாளி ஆக்கியிருந்தாள். சாக்கடை அள்ள ஆளில்லை, சாமான் வாங்க ஆளில்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆட்களை ஷிப்டு பிரி, தொழிற்சாலைக்குப் பேருந்து விடு, காலை ஷிப்டு இறங்கும் நேரத்தில் சாப்பாட்டுக் கடை திறந்திருக்கட்டும் என்றேன். அப்படியே செய்தாள், ஊர் ஓடியது. “அலமாக், நீங்க நெஜமாவே லைன் லீடர்தான்லா அம்மா!” என்று கட்டிக்கொண்டாள். அன்று முதல் ஞாயிறுதோறும் எனக்கு அந்தத் தாமானில் ஒரு பதவி இருக்கிறது.

ஒன்று மட்டும் மனசை விட்டுப் போக மறுக்கிறது. தெருவில் நடமாட்டம் தெரியட்டும் என்று அந்த விளையாட்டே சிலரை உண்டாக்கி நடக்க விடும். அவர்களுக்குப் பெயர் உண்டு, வீடு கிடையாது, வேலை கிடையாது. நான் வாராவாரம் பார்க்கும் சிவப்புச் சட்டைக்காரர் ஒருவரை ஒரு ஞாயிறு காணோம். எங்கே என்றேன். “அவரு லிஸ்ட்ல இல்லம்மா. வீடு இல்லாதவங்க ரொம்ப சேர்ந்துட்டா கம்ப்யூட்டருக்குப் பாரம். அதுவே எடுத்துரும்” என்று சாதாரணமாகச் சொன்னாள். கையில் இருந்த துணியை மடிக்க மறந்துவிட்டேன். இப்போது அவள் எடுத்திருக்கும் வேலை என்ன தெரியுமா? அந்த வழிப்போக்கர்கள் அத்தனை பேருக்கும் வீடும் வேலையும் கொடுத்து, படுத்துவிடாத ஒரு தாமானைக் கட்டுவது. மொத்தம் நூற்றுப் பதினாறு பேர்.

போன மாதம் கோயில் மண்டபத்தில் ஆவணம் இல்லாதவர்களுக்காக ஒரு முகாம் நடந்தது. அன்னபூரணி என்ற வக்கீலம்மா காசு வாங்காமல் உதவுகிறார். பெற்ற தாய் இந்த நாட்டுக் குடிமகளாக இருந்து, அவளே நேரில் வந்து, நான்தான் பெற்றேன் என்று சொல்லி எச்சில் எடுக்கும் மரபணுச் சோதனைக்கும் ஒப்புக்கொண்டால் வழி உண்டு என்றார். இருபத்தொரு வயதுக்குள் மனு உள்ளே போக வேண்டுமாம். அதற்குப் பிறகு ரொம்பச் சிரமம் என்றார். தாய் யார் என்று தெரியுமா என்று என்னைக் கேட்டார். தேடிப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஒரே ஒரு முறை வந்து போ, கஸ்தூரி. லோஷினியைப் பார்க்க வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. அலுவலகத்துக்கு வந்தால் போதும்.

எல்லாருக்கும் என் அன்பைச் சொல்ல முடியாது, உனக்கு மட்டும் சொல்கிறேன்.

உன் அக்கா,
புஷ்பவள்ளி


தம்போய்
22 ஜூன் 2025, ஞாயிறு

அன்புள்ள கஸ்தூரி,

உன் பதில் கிடைத்தது. ஒரே பக்கம், அதிலும் பாதி மன்னிப்பு. நீ சுகமாக இருக்கிறாய் என்று தெரிந்ததில் மகிழ்ச்சிதான். மற்றபடி கோபமாக இருக்கிறேன். அதைச் சொல்லிவிட்டே எழுதுகிறேன்.

உன் வீட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது, மாமியார் கூடவே இருக்கிறார், தெரிந்தால் பதினைந்து வருடக் குடும்பம் ஒரே நாளில் போய்விடும் என்று எழுதியிருக்கிறாய். நம்புகிறேன். பெண்பிள்ளை கெட்டுப்போனதை நம் ஆட்கள் எத்தனை வருடம் ஆனாலும் மறக்கமாட்டார்கள். ஆண்பிள்ளை கெட்டதை மத்தியானத்துக்குள் மறந்துவிடுவார்கள். நீங்களே பெற்றதாகச் சொல்லிவிடுங்களேன் அக்கா என்றும் எழுதியிருக்கிறாய். எச்சிலை எடுத்துச் சோதித்தால் என் பொய் ஒரு வாரத்தில் வெளுத்துவிடும், தங்கச்சி.

கடைசியில், சின்னவன் ஜீவனுக்குப் பன்னிரண்டு ஆகிவிட்டது, அவனுக்கு அடையாள அட்டை எடுக்க அலைந்ததில் பதில் போடத் தாமதம் என்று ஒரு வரி. அதை எழுதும்போது உன் கை கொஞ்சமும் நிற்கவில்லையா? கடிதத்தை இரண்டாகக் கிழித்துவிட்டேன். பிறகு அவர் பார்க்காத நேரத்தில் ஒட்டி வைத்தேன்.

இங்கே நடந்ததைக் கேள். மே மாதம் ஒரு சனிக்கிழமை, எனக்கு ஓவர்டைம். வேலை முடிந்ததும் துணி வாங்கப் போகலாம் என்று லோஷினியைப் பேருந்து ஏறி தெப்ராவுக்கு வரச் சொல்லியிருந்தேன். வழியில் சாலைச் சோதனை. எல்லோரும் அட்டையைக் காட்ட, இவள் பிறப்புப் பத்திர நகலைக் காட்டியிருக்கிறாள். நிலையத்துக்கு அழைத்துப் போய்விட்டார்கள். தொழிற்சாலைச் சட்டையோடு, தலை வலையைக்கூடக் கழற்றாமல் ஓடினேன். தத்துப் பத்திரத்தைக் காட்டி, வக்கீலம்மாவைத் தொலைபேசியில் பேச வைத்து, நான்கு மணி நேரம் கழித்து விட்டார்கள். அவர்கள் கடமையைச் செய்தார்கள், ஒரு பெண் போலீஸ் குடிக்க மைலோகூட வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஆனால் நான் உள்ளே போனபோது இவள் பெஞ்சின் ஓரத்தில் முழங்காலை ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடமே எடுக்கக்கூடாது என்பதுபோல. அந்தக் கோலத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

அன்று வீட்டுக்குள் வந்தவள்தான். ஆறு வாரமாக வாசலைத் தாண்டவில்லை. குப்பையைக்கூட வெளியே வைக்க வருவதில்லை. காலையில் நான் கிளம்பும்போது, கிரில் கதவை வெளிப்பக்கம் பூட்டிவிட்டுப் போங்கள் என்கிறாள். அவளிடம் ஒரு சாவி இருக்கிறது. இருந்தாலும் வெளியே பூட்டு தொங்கினால் வீட்டில் ஆளில்லை என்று நினைப்பார்களாம். என் கையாலேயே என் பிள்ளையைப் பூட்டிவிட்டுத் தொழிற்சாலைப் பேருந்து ஏறுகிறேன். நாளெல்லாம் லைனில் நின்றாலும் அந்தப் பூட்டின் சத்தம்தான் காதில் கேட்கிறது.

உள்ளே அவள் ஊர் மட்டும் வளர்கிறது. குண்டுச் சட்டிக்குள் குதிரை ஓட்டுவது என்பார்களே, இவள் ஒரு சட்டிக்குள் நூற்றுப் பதினாறு பேரை ஓட்டுகிறாள். தொண்ணூறு பேரைக் குடியேற்றிவிட்டாள். ஆனால் புதிதாக ஒரு குடும்பம் வரும்போதெல்லாம் ஊர் தள்ளாடியது. ஏன் என்று கேட்டேன். “புது ஆளு வந்தா வாய் மொத நாளே வந்துருதும்மா. கை வேலைக்குப் பழக ஒரு வாரம் ஆகுது. அந்த ஒரு வாரத்துல கடையில இருக்கிறதெல்லாம் காலி” என்றாள். யோசித்துப் பார்த்தேன். ஒரு கோயிலைக் கட்டு, புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாரம் அங்கே அன்னதானம் போடு, வேலை கிடைத்ததும் அவர்களும் வாரம் ஒரு படி அரிசி கொடுக்கட்டும் என்றேன். சிரித்தாள். செய்து பார்த்தாள். அதற்குப் பிறகு ஊர் ஆடவில்லை, கஸ்தூரி! எங்கேயோ பிரேசிலில் இருக்கிற ஒருவர் இணையத்தில் பார்த்துவிட்டு, இந்தச் சாப்பாட்டு மண்டபம் யாருடைய யோசனை என்று கேட்டு எழுதினாராம். எங்க அம்மா என்று பதில் போட்டிருக்கிறாள்.

அந்தத் தாமானில் உன் வீடு எது என்று ஒரு நாள் கேட்டேன். நான் எனக்கு வைக்கவில்லை அம்மா என்றாள். ஏனென்று கேட்டதற்கு, கட்டுகிறவளுக்கு எதற்கு வீடு என்று சொல்லிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதில் இன்னொன்று. அவள் கட்டிய ஊர்களை இணையத்தில் போட, பல நாட்டுக்காரர்கள் எடுத்து விளையாடுகிறார்கள். சிங்கப்பூரில் இப்படி விளையாட்டு தயாரிக்கும் ஒரு சின்ன நிறுவனம் அதைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் நேரில் வந்து பேசுங்கள், மூன்று மாதப் பயிற்சி வேலை தருகிறோம் என்று எழுதியிருக்கிறது. நம் தம்போயிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் பாலம் எவ்வளவு தூரம்? இந்தத் தெருவில் பாதி வீட்டு ஆட்கள் தினமும் போய் வருகிறார்கள். இவள், எல்லை தாண்டக் காட்டும் கடப்பிதழ் காலாவதி ஆகிவிட்டது, புதுப்பிக்க நாளாகும் என்று எழுதிவிட்டாள். இல்லாத கடப்பிதழ் எப்படிக் காலாவதி ஆகும்? எனக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். மேசை துடைக்கும்போது படித்துவிட்டேன்.

உன்னை மட்டுமே குற்றம் சொல்லிக்கொண்டு போகிறேன். இனி என்னுடையதையும் எழுதிவிடுகிறேன், நியாயம் அதுதான்.

அந்த யோசனை என்னுடையது. அப்போது உனக்குப் பத்தொன்பது வயது. ரெங்கத்திலிருந்த உன் அண்ணன் சதாசிவத்துக்குத் தெரிந்தால் வெட்டிப் போடுவான் என்று அழுதாய். தெப்ராவ் வாடகை வீட்டிலேயே பிள்ளை பிறந்தது. உன் பெயர் எந்தக் காகிதத்திலும் வரக்கூடாது, வந்தால் உனக்கு ஒரு நல்ல இடம் அமையாது என்று நான்தான் சொன்னேன். நீ சூடத்தை ஏற்றி வைத்தாய். நான் உள்ளங்கையால் அணைத்து, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். மூன்று வாரம் கழித்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், கோயில் வாசலில் கிடந்தது, தாய் யாரென்று தெரியாது என்று எழுதிக் கொடுத்தேன். பதிவு செய்யும் இடத்தில் அந்த அதிகாரி இரண்டு முறை கேட்டார், நிச்சயமாகத் தெரியாதா என்று. இரண்டு முறையும் தெரியாது என்றேன். ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்ற பெருமையோடு, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தேன். உன்னைக் காப்பாற்றினேன், சரி. மடியில் இருந்தவளை யார் காப்பாற்றுவது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

படிக்காதவள் செய்த தப்பு என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் தப்புக்கு நான் வயதைக் காட்ட முடியாது, எனக்கு அப்போது முப்பது.

நவம்பருக்கு ஐந்து மாதம் இருக்கிறது. வருகிறேன் என்று ஒரு வரி எழுது. உன் கோபத்தையும் சேர்த்தே எழுது, வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லோஷினியின் அம்மா புஷ்பவள்ளி


தம்போய்
28 செப்டம்பர் 2025, ஞாயிறு

கஸ்தூரிக்கு,

உன் வீட்டில் அனைவரும் நலமாக இருக்க வேண்டும். மூன்று மாதமாகப் பதில் இல்லை. கடிதம் திரும்பியும் வரவில்லை, அதனால் உன் கைக்குக் கிடைத்திருக்கிறது. போன முறை கடுமையாக எழுதிவிட்டேன். எழுதியது எதையும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் அந்தக் குரலில் உன்னிடம் பேசியிருக்கக்கூடாது.

லோஷினியிடம் பாதி உண்மையைச் சொல்லிவிட்டேன். பயப்படாதே, உன் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னதும் இல்லை. போன மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம், அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். “என்னை யாரோ தூக்கி வீசிட்டுப் போய்ட்டாங்க, நீங்க எடுத்துக்கிட்டீங்க. அதுக்கே நான் சந்தோஷப்படணும். இன்னும் எதுக்கு எனக்காக வக்கீல் வீட்டுக்கு அலையுறீங்க?” என்றாள். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. மளிகைச் சாமான் பட்டியல் படிப்பதுபோலச் சொன்னாள்.

பன்னிரண்டு வயதிலிருந்து என் பிள்ளை இதை நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். என்னால் பொறுக்க முடியவில்லை. உன்னை யாரும் வீசவில்லை, பெற்றவள் மூன்று வாரம் மடியில் வைத்துப் பால் கொடுத்து, நெற்றியில் மை வைத்து, என் கையில் கொடுத்துவிட்டு அழுதுகொண்டே போனாள் என்றேன். கோயில் வாசல் என்பது நான் கட்டிய கதை, தாயைத் தெரியாது என்று எழுதிக் கொடுத்ததும் நான்தான் என்றேன். சீப்பு என் கையிலேயே இருந்தது. அவள் எழுந்து அறைக்குள் போய்விட்டாள்.

நான்கு நாள் என்னோடு பேசவில்லை. அவரிடம் பேசினாள், சாப்பிட்டாள், பாத்திரம் கழுவினாள், என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை இல்லை. சமையலறையில் இருவரும் ஒருவரை ஒருவர் இடிக்காமல் நகர்ந்துகொண்டிருந்தோம். ஒரு பொய்யால் அவளை நாட்டிலிருந்து வெளியே நிறுத்தினேன், உண்மையைச் சொல்லி வீட்டிலிருந்தும் வெளியே நிறுத்திவிட்டேனோ என்று பயமாக இருந்தது.

ஐந்தாம் நாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பதிவுக் கவுன்டரில், பிள்ளையாக இருந்த நான் அழுதேனா என்று கேட்டாள். இல்லை, தூங்கிக்கொண்டிருந்தாய் என்றேன். பிறகு, பெற்ற தாய் உயிரோடு இருக்கிறார்களா என்றாள். இருக்கிறாள், கணவர் இருக்கிறார், இரண்டு பையன்கள் என்றேன். பெயர் கேட்பாள் என்று பயந்தேன். அவள் கேட்டது வேறு. அந்தப் பையன்களுக்கு அட்டை இருக்கிறதா என்றாள். சின்னவன் இந்த வருடம்தான் எடுத்தான் என்றேன். “நல்லது” என்றாள். அவ்வளவுதான், கஸ்தூரி. அவள் முகத்தில் பொறாமை இருக்கிறதா என்று உற்றுப் பார்த்தேன். எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லை.

பிறகு, அவர்களைத் தொந்தரவு செய்யாதீர்கள், நம்மால் ஒரு வீடு உடைய வேண்டாம் என்று சொன்னாள். இனிமேல் எழுதக்கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். சரி என்று தலையாட்டிவிட்டு இதோ எழுதிக்கொண்டிருக்கிறேன். சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளையாக அவளை வளர்த்தேன். என்னை யாரும் அப்படி வளர்க்கவில்லை.

அவள் தாமான் முடிந்துவிட்டது. நூற்றுப் பதினாறு பேரும் குடியேறிவிட்டார்கள். விளையாட்டுக் கணக்கில் நாற்பது வாரம் தானாக ஓட விட்டுப் பார்த்தாள். கடை நிற்கவில்லை, சாக்கடை அடைக்கவில்லை, ஒருவர் பெயரும் அழியவில்லை. இணையத்தில் போட்டாள். அன்றைக்கு மாலை வீட்டில் பாயசம் வைத்தேன், அவர் இரண்டு முறை வாங்கிக் குடித்தார். மறுநாள் காலையில் அவள் கணினியைத் திறக்கவில்லை, அதற்கடுத்த நாளும் திறக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அடுத்து என்ன கட்டப்போகிறாய் என்று கேட்டால், இனி யாரும் மிச்சமில்லை அம்மா என்கிறாள். சொப்பு விளையாட்டு என்று திட்டியவள் நான். இப்போது போய், ஏதாவது கட்டு, விளையாடு என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, தங்கச்சி. கதவைப் பூட்டிவிட்டுப் போகும்போது முன்பு இருந்த பயம் வேறு, இப்போது இருக்கும் பயம் வேறு. அவர் மத்தியானம் கடையிலிருந்து ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகிறார். சாப்பிட வருவதாக அவளிடம் சொல்லிக்கொள்கிறார்.

சிங்கப்பூர்க்காரர்கள் மறுபடியும் எழுதியிருக்கிறார்கள், ஜனவரி வரை இடத்தை வைத்திருக்கிறோம் என்று. அவள் பதில் போடவில்லை.

இனி செய்தி. அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை, காலை எட்டரை மணிக்குப் பதிவு அலுவலகத்தில் நேரம் கிடைத்திருக்கிறது. இதைத் தவறவிட்டால் நவம்பருக்குள் வேறு நாள் இல்லை என்று வக்கீலம்மா சொன்னார். நான் முன்பு கொடுத்தது பொய் வாக்குமூலம் என்று அன்று நானே எழுதிக் கொடுக்கப் போகிறேன். அதற்கு என்மேல் வழக்கு வரலாமாம். வரட்டும். ஆனால் நான் மட்டும் போய்ச் சொன்னால் அது ஒரு கிழவியின் இன்னொரு கதை என்று எடுத்துக்கொள்வார்கள். நீ பக்கத்தில் நின்றால்தான் அது உண்மை ஆகும்.

உன் வீட்டுக்கு எந்தக் கடிதமும் வராது. எல்லாம் வக்கீலம்மாவின் முகவரிக்கே வரும்படி செய்கிறேன் என்று அவர் எனக்கு உறுதி கொடுத்திருக்கிறார். அதற்கு மேல் உன் வீட்டில் தெரியாமலே இருக்கும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். சத்தியம் செய்த கை இது, அதன் லட்சணம் உனக்குத் தெரியும். தீபாவளிக்கு ஆறு நாள் முன்னால் என்பதால், ரெங்கத்தில் அண்ணன் சீர் வாங்கிப் போக வரச் சொன்னார் என்று சொல்லிவிட்டு வா. அந்தப் பொய்யையும் என் தலையிலேயே போட்டுவிடு. திங்கள் மாலை அங்கே பேருந்து ஏறினால் விடியும்போது லார்கின் பேருந்து நிலையம். நான் அங்கே இறங்குமிடத்திலேயே நிற்பேன். குளித்துச் சாப்பிட என் தோழி வீடு பக்கத்தில் இருக்கிறது. லோஷினி அன்று வரத் தேவையில்லை, அவளுடைய எச்சிலை வேறு ஒரு நாள் எடுத்துக்கொள்வார்கள். உனக்குப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் மட்டும் சொல்.

வக்கீலம்மா என்னை உட்கார வைத்து ஒரு விஷயத்தை மூன்று முறை விளக்கினார். கண்டெடுத்த பிள்ளை என்று சொல்லி வாங்கிய தத்துப் பத்திரம் செல்லாமல் போய்விடலாம். புதிதாக எழுதும் பத்திரத்தில் தாய் என்ற இடத்தில் உன் பெயர் வரும். என் பெயர் எங்கேயும் இருக்காது. அவள் இருபத்தொன்று தாண்டிவிட்டால் நான் மறுபடியும் தத்தெடுக்கவும் முடியாதாம். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றார். பேருந்தில் வரும் வழியெல்லாம் அழுதேன், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நடந்து வந்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். பிள்ளை வெளியே நடக்கட்டும் என்றார்.

அதனால் யோசித்துவிட்டேன், கஸ்தூரி. நீ வந்து உன் பெயரைச் சொல். என் பெயரை அடித்துக்கொள்ளட்டும். அதற்குப் பிறகு அவள் யாரை அம்மா என்று கூப்பிடுகிறாள் என்று நான் கேட்கமாட்டேன். பாலத்தைத் தாண்டும் பேருந்தில் அவள் ஏறி உட்காருவதை இந்தப் பக்கம் நின்று ஒரு தடவை பார்த்தால் எனக்குப் போதும்.

பதில் எழுத முடியாவிட்டால் பரவாயில்லை. பதினான்காம் தேதி விடிய நான் லார்கினில் இருப்பேன். வடக்கிலிருந்து வரும் பேருந்து ஒவ்வொன்றிலும் கடைசி ஆள் இறங்கும்வரை நிற்பேன்.

உன் பிள்ளைகள் மூன்று பேரும் நூறு வயது நன்றாக இருக்கட்டும்.

புஷ்பவள்ளி